நாய்களின் செவியை அரிதல் முறையாமோ?

நாயானது மனிதனை வந்தடைந்து எத்துணை ஆயிரம் ஆண்டுகள் ஆயின என்பதில் ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமுகமான முடிவிற்கு வந்திலர். மனிதன் ஏரைத் தொடுமுன்னரே நாய் அவன் தோழனாகிவிட்டது என்பது மட்டும் துணிபு. வேட்டைக்கு உடன் சென்றும், ஆடு மாடுகளைக் காத்தும், வாயிலிற் கிடந்தும் நம்மோடு ஒன்றிய அவ்வுயிரின் உடலிலே அந்நெடுங்கால உறவு பல அடையாளங்களைப் பொறித்திருக்கின்றது. அவற்றுள் ஒன்று தொங்குசெவி. ஓநாயின் செவி நிமிர்ந்தே நிற்கும். நாயினங்கள் பலவற்றின் செவியோ தாழ்ந்து தொங்கும். பழக்கப்பட்ட விலங்கினங்களுள், ஏதேனும் ஒரு நாட்டிலேனும் தொங்குசெவி பெறாதது ஒன்றும் இல்லை என்னும் கருத்தைச் சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட உயிரினத் தோற்றத்தைப் பற்றிய தமது நூலிற் குறித்துள்ளார். அதற்கு அவர் காலத்தார் கூறிய காரணமும், இக்காலத்தார் கூறும் காரணங்களும் வேறுபடினும், பழக்கத்திற்கும் தாழ்ந்த செவிக்கும் தொடர்புண்டு என்பதை மறுப்பார் அரியர்.

இவ்வாறு மனிதனோடு வாழ்ந்து தாழ்ந்த செவியை அம்மனிதனே கத்தியால் அரிந்து, மீண்டும் ஓநாயின் செவிபோல் நிமிர்த்தி வைக்கும் வழக்கம் ஒன்று மேல்நாடுகளிலே தோன்றி நெடுங்காலம் நடைபெற்றது; சில நாடுகளில் இன்றும் நடைபெறுகின்றது. டாபர்மன், கிரேட் டேன், பாக்ஸர், ஷ்னாஸர் முதலிய இனங்களின் படங்களைக் கண்டார்க்கு அக்கூர்ஞ்செவி நன்கு தெரிந்ததே. அஃது அவற்றிற்குப் பிறவியில் அமைந்ததென்றே பலரும் எண்ணியிருப்பர். உண்மையில் வெட்டாத டாபர்மனுக்கு வேட்டைநாய்க்கு இருப்பது போன்ற மெல்லிய தொங்குசெவியே உண்டு. இவ்வழக்கம் எவ்வாறு எழுந்தது, எதனால் நிலைத்தது, நீக்கப்பட்ட இடங்களில் எவ்வாறு நீங்கிற்று என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் செய்கை இன்னதென அறிதல் வேண்டும். நாயின் செவிமடல் வெறுந்தோல் அன்று. இரு தோற்படலங்களின் இடையே குருத்தெலும்பு ஒன்று தகடுபோல் அமைந்திருக்கும். இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதில் மிகுதியாக ஓடும். குட்டி பிறந்து ஏறத்தாழ ஏழு வாரத்திற்கும் பன்னிரண்டு வாரத்திற்கும் இடையே, அதற்கு மயக்கமருந்து கொடுத்து, மடலில் மூன்றில் ஒரு பங்கையேனும், சில வகை வெட்டுகளில் அதனினும் மிகுதியையேனும் வளைகோடாக அரிந்து நீக்குவர். விளிம்பைத் தைப்பர். அவ்வளவோடு வேலை முடிந்துவிடின் இதனைப் பற்றி எழுதுவதற்குப் பாதிச் செய்தியே இருக்கும். அரியப்பட்ட செவி தானே நிமிர்ந்து நில்லாது. ஆதலின் அதற்கு ஊன்றுகோல் போல ஒன்றை வைத்து, ஒட்டுநாடாவாற் சுற்றிக் கட்டி, சில நாட்களுக்கொருமுறை அவிழ்த்துப் பார்த்து மீண்டும் கட்டுதல் வேண்டும். குருத்தெலும்பு இறுகும் வரை இது பல வாரம் நடக்கும். நீண்ட வெட்டாயின் மாதக்கணக்கில் நடக்கும். புண் சீழ்கொள்ளுதலும், தழும்பு சுருங்கி மடல் கோணுதலும் உண்டு. இத்தனைக்கும் பிறகு செவி நில்லாமல் மடிந்துவிடுதலும் உண்டு.

மயக்கமருந்து இருக்கும்போது துன்பம் ஏது என்பார் உளர். மருந்து வெட்டும் வேளைக்கே உதவும். அதன்பின் வரும் வாரங்களுக்கு அது காவலன்று. அன்றியும், குட்டி மனிதரையும் பிற நாய்களையும் உலகத்து ஓசைகளையும் அஞ்சாது பழகக் கற்கும் பருவம் ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு அல்லது பதினான்காம் வாரம் வரையிலாம். அப்பருவத்திலேதான் மனிதன் கை அதன் தலையருகே வரும்போதெல்லாம் புண் நோகின்றது. எந்தக் கையை நம்பக் கற்க வேண்டுமோ அந்தக் கையே நோவைத் தருகின்றது என்பதை இவ்வழக்கத்தைப் போற்றுவார் எண்ணுவதாகத் தெரியவில்லை.

இனி, இது தோன்றிய வரலாறு. முற்காலத்தில் இதற்கு ஒரு பயன் சொல்லப்பட்டது. காட்டுப்பன்றியின்மேல் ஏவப்படும் நாய்க்கும், ஓநாயை எதிர்க்கும் மந்தைநாய்க்கும், களத்தில் ஒன்றோடொன்று பொருமாறு விடப்படும் நாய்க்கும் நீண்ட செவி பகையின் பல்லுக்குப் பிடி கொடுக்கும். ஆதலின் முன்னரே அரிந்துவிடுதல் நலம் என்பது அவர் கொள்கை. இக்கொள்கையிற் சிறிது உண்மையும் இருக்கலாம். ஆயினும் டார்வின் 1872இல் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பற்றி எழுதிய நூலில் ஒன்றைக் காட்டுகின்றார்: பல்லாற் பொரும் விலங்குகள் சினங்கொண்ட அளவிலே தம் செவியைப் பின்னுக்கு இழுத்துத் தலையோடு ஒட்ட வைத்துக்கொள்கின்றன, செவி பகையின் வாயில் அகப்படாமைப் பொருட்டே இது அமைந்தது என்பது அவர் கருத்து. இயற்கை நாய்க்குத் தந்த காவல் அது. மனிதன் அக்காவலுக்குரிய உறுப்பையே அறுத்துவிட்டு, காத்தேன் என்றான்.

அது நிற்க. இங்கிலாந்திலே எருதையும் கரடியையும் கட்டி வைத்து நாய்களை ஏவும் விளையாட்டும், நாய்ப்போரும் 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டன. காரணம் அற்றபின் காரியமும் அறுதல் இயல்பு. ஆனால் செவியரிதல் அறவில்லை. போர்க்களத்தை விட்டு அது கண்காட்சி மண்டபத்தினுட் புகுந்தது.

1859ஆம் ஆண்டு நியூகாஸில் நகரிலே நடந்த நாய்க்கண்காட்சியை அத்தகைய கண்காட்சிகளுக்கு முதலாகக் கூறுவர். (டார்வினது நூல் வெளிவந்ததும் அதே ஆண்டு என்பது கருதத்தக்கது.) 1873இல் கென்னல் கிளப் என்னும் கழகம் அந்நாட்டில் நிறுவப்பட்டது. ஒவ்வோர் இனத்திற்கும் உயரம் இவ்வளவு, நிறம் இன்னது, வால் இவ்வாறு, செவி இவ்வாறு என்று இலக்கணம் வகுத்து எழுதினர். அவ்விலக்கணத்தோடு ஒட்டிய நாய்க்குப் பரிசு. பரிசு பெற்ற நாயின் குட்டிக்கு விலை. நம் இலக்கண நூலார் இலக்கியத்தைக் கண்டே இலக்கணம் கூறினர். ஈண்டோ நிலைமை தலைகீழாயிற்று. எந்த நாயும் பிறவியிற் கொண்டிராத செவியை இலக்கணமாக எழுதிவைத்து, அதற்குப் பொருந்துமாறு உயிருள்ள இலக்கியத்தைக் கத்தியால் திருத்தினர். கத்தியைப் பிடித்தவன் யாவனாயினும் அதனை ஏவியது பரிசே. இதனை மனத்திற் கொண்டாலன்றி இவ்வழக்கத்தின் வரலாறு விளங்காது. வளர்ப்பவர்களுள் பெரும்பாலார் கொடியவர் அல்லர். தம் நாய்களை மிக நேசித்தவரே. மண்டபத்தில் நடுவர் முன்னே தம் நாய் தோற்றல் ஆகாது என்னும் ஒன்றே அவர்க்கு வேண்டியிருந்தது.

இலண்டனில் வொர்ஷிப் வீதிக் காவல்நீதிமன்றத்திலே 1895இல் ஒரு வழக்கு நடந்தது. கிரேட் டேன் ஒன்றின் செவியை அரிந்தது கொடுமைக் குற்றம் என்று மூவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. வெட்டியவரோடு நில்லாமல் வெட்டச் சொன்ன உரிமையாளரையும் கூண்டில் ஏற்றியதே இவ்வழக்கின் சிறப்பு. தீர்ப்பு எதிரிகளுக்கு மாறாகவே அமைந்தது, அபராதம் விதிக்கப்பட்டது. அபராதத் தொகை பெரிதன்று. ஆயினும் கண்காட்சிக்காகச் செய்தேன் என்பது கொடுமைக்குச் சமாதானம் ஆகாது என்பது வெளிப்பட்டது. பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசர் அக்காலத்தில் கென்னல் கிளப்பின் புரவலராக இருந்தார்; அவரும் இவ்வழக்கத்தைத் தாம் விரும்பாமையைக் கடித வாயிலாகத் தெரிவித்தார். பத்திரிகைகளில் வாதம் மிகுந்தது. 1898இல் கழகத்தார், செவியரிந்த நாய்கள் தம் கண்காட்சிகளிற் கலந்துகொள்ளலாகாது என்று விதி செய்தனர்.

வளர்ப்போர் சிலர் அழுது புலம்பினர் என்றே சொல்லவேண்டும். இனம் அழியும், அழகு கெடும், அயல்நாட்டார் நகைப்பர் என்றனர். அவர் அச்சம் முற்றும் பொய்யுமன்று. வெள்ளை ஆங்கில டெரியர் என்னும் இனம் பின்னர் மறைந்தே போயிற்று. அதற்கு இவ்விதியும் ஒரு காரணம் என்பாருண்டு. ஆனால் புல் டெரியரின் கதை வேறு. அவ்வினத்திற்கும் முன்பு செவியை அரிந்தே நிமிர்த்தினர். கத்தி விலக்கப்பட்டபின், செவி இயல்பாகவே நிமிரும் நாய்களைத் தேர்ந்து இனஞ்சேர்த்துப் பல தலைமுறை பொறுமையோடு உழைத்தனர். இன்று புல் டெரியரின் செவி பிறவியிலேயே நிமிர்ந்து நிற்கின்றது, எவரும் தொட்டதில்லை. நிமிர்ந்த செவியே அழகு என்று ஒருவர் கருதுவாராயின் அவர்க்கும் நேரிய வழி ஒன்று உண்டு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. அவ்வழி நீண்டது, அரிதலோ ஒரு நாழிகையில் முடிவது. வேறுபாடு அவ்வளவே. கிரேட் டேனைப் பொறுத்தவரை, ஆங்கிலேயர் அதன் தொங்குசெவியையே ஏற்றுக்கொண்டனர். சில தலைமுறைகளில் அச்செவியே அவர்கள் கண்ணுக்கு அழகாயிற்று.

இக்காலத்தில் அரிதலுக்குச் சார்பாகக் கூறப்படும் காரணங்களுள் முதன்மையானது உடல்நலம். தொங்குசெவியில் காற்று புகாது, அழுக்கும் ஈரமும் தங்கும், ஆதலின் செவிநோய் வரும் என்பர். கேட்டவுடன் பொருந்துவதாகவே தோன்றும். ஆனால் செவிநோயால் மிகவும் வருந்தும் இனங்களுள் ஒன்று காக்கர் ஸ்பானியல். நீண்டு தாழ்ந்து மயிர் அடர்ந்த செவி அதனுடையது. அதன் செவியை அரிய வேண்டும் என்று எவரும் கூறியதில்லை. உடல்நலமே நோக்கமாயின் கத்தி முதலில் அங்கன்றோ சென்றிருக்க வேண்டும்! செவிநோய்க்குப் பெரும்பாலும் மூலமாவன தோல் ஒவ்வாமையும், உள்வழியின் குறுகிய அமைப்பும், பேன் போன்ற நுண்ணுயிர்களுமே என்பது மருத்துவர் கருத்து. நிமிர்செவி கொண்ட ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் அந்நோய் வருகின்றது. கேள்வித்திறன் கூடும் என்பதற்கும் தக்க சான்று காட்டப்படவில்லை. புற்று, ஆறாத காயம் முதலிய காரணங்களால் மருத்துவர் மடலின் ஒரு பகுதியை நீக்க நேரிடின் அது வேறு. அதனை எவரும் எதிர்க்கவில்லை.

காவல்நாய்க்கு அச்சந்தரும் தோற்றம் வேண்டும் என்பது மற்றொரு காரணம். இஃது ஒன்றே மறைவின்றிக் கூறப்படும் காரணம் எனலாம். அரிந்த செவி திருடனுக்கு நாய் சொல்லும் செய்தியன்று. உரிமையாளர் ஊராருக்குச் சொல்லும் செய்தி. நாய் சொல்ல வேண்டியதையோ அது தடுக்கின்றது. செவிமடலை அசைக்கப் பத்துக்கு மேற்பட்ட தசைகள் உள்ளன. அஞ்சும்போது பின்னுக்குச் சாய்தலும், ஐயுறும்போது ஒருபுறம் திரும்புதலும், மகிழும்போது தளர்தலும் நாய்க்குப் பேச்சாகும். மடல் பாதி போய், எஞ்சியது கொம்புபோல் இறுகிவிட்ட நாய், எப்போதும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கும் ஊமையை ஒக்கும். எதிரே வரும் நாய் அதனைச் சினமென்று கொள்ளுதல் கூடும்.

ஐரோப்பிய நாடுகளின் நிலை பின்வருமாறு. 1987 நவம்பரில் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலே செல்லப்பிராணிகளின் பாதுகாப்பிற்கான ஐரோப்பிய உடன்படிக்கை கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. 1992இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பத்தாம் பிரிவு, மருத்துவ நோக்கமின்றித் தோற்றத்தை மாற்றுதற்காகச் செய்யும் அறுவைகளை விலக்குகின்றது. வாலை வெட்டுதல், செவியை அரிதல், குரல்வளையைக் கெடுத்தல், நகத்தையும் பல்லையும் களைதல் ஆகியவை அங்குப் பெயர் கூறியே விலக்கப்பட்டன. வால் வெட்டுதலைப் பற்றி மட்டும் கையொப்பமிடும் நாடு தனக்கு விலக்குக் கேட்கலாம் என்று இடமளித்தவர்கள், செவியைப் பற்றி அவ்விடம் அளிக்கவில்லை என்பதை மாணாக்கர் உற்று நோக்குக. டாபர்மன் பிறந்த நாடு ஜெர்மனி. அபோல்டா என்னும் ஊரில் வரிதண்டும் தொழிலிலிருந்த லூயி டாபர்மன் என்பவர் தமக்குக் காவலாக உருவாக்கிய இனம் அது. அந்நாட்டிலேயே 1987 முதல் செவியரிதல் சட்டத்தால் விலக்கப்பட்டுவிட்டது. எனவே கூர்ஞ்செவியே டாபர்மனின் தூய இலக்கணம் என்று வாதிப்போர், தாயகத்தைச் சான்று கூற இயலாது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிலைமை வேறு. அங்குள்ள கென்னல் கிளப்பின் டாபர்மன் இலக்கணம், செவி வழக்கமாக வெட்டப்பட்டு நிமிர்ந்திருக்கும் என்றே கூறுகின்றது. பாக்ஸருக்கும் கிரேட் டேனுக்கும் இருவகைச் செவியும் ஏற்கப்படும். இவ்வறுவை இனத்தின் தன்மையைக் காக்கும் வழக்கம் என்பது அக்கழகத்தின் கொள்கை. அந்நாட்டுக் கால்நடை மருத்துவர் சங்கமோ, அழகு ஒன்றிற்காகவே செய்யப்படும் செவியரிதலையும் வால்வெட்டுதலையும் தான் எதிர்ப்பதாகவும், இன இலக்கணங்களிலிருந்து அவை நீக்கப்பட வேண்டும் என்றும் அறிவித்துள்ளது. கத்தி பிடிக்கும் தொழிலாரே வேண்டா என்கின்றனர். இலக்கணம் எழுதுவோர் வேண்டும் என்கின்றனர். 1898இல் இலண்டனில் ஒரு வரியை மாற்றியதால் விளைந்ததை நினைப்பார்க்கு, இவ்விரு சாராருள் திறவுகோல் எவர் கையில் உள்ளது என்பது விளங்கும்.

ஆயினும் விதியும் சட்டமும் மட்டும் போதா என்பதற்கும் இங்கிலாந்தே சான்று. அங்கே 2006ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம், மருத்துவக் காரணமின்றி விலங்கின் உறுப்பைச் சிதைத்தலைத் தெளிவாகக் குற்றமாக்கிற்று. அவ்வாறிருந்தும், பிராணிவதைத் தடுப்புக்கான அரச சங்கத்திற்குச் செவியரிந்த நாய்களைப் பற்றி 2015இல் வந்த முறையீடுகள் 14; 2020இல் வந்தவை 101. கண்காட்சியில் அத்தகைய நாய்க்கு இடமில்லை என்பது நூறாண்டு கடந்த விதி. பின் ஏன் இது? புகழ்பெற்றோர் சிலர் கூர்ஞ்செவி நாய்களோடு எடுத்துக்கொண்ட படங்கள் சமூக ஊடகங்களிலே பரவின. அயல்நாட்டில் வெட்டப்பட்ட குட்டிகளைக் கொண்டுவருவதற்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்திற் தடையில்லை. அதனை மறைப்பாகக் கொண்டு, மருத்துவர் அல்லாதார் மயக்கமருந்தும் இன்றி உள்நாட்டிலேயே வெட்டி, வெளிநாட்டில் வெட்டியது என்று விற்றனர். மண்டபத்து நடுவர் கொடுத்த பரிசை இப்போது கைப்பேசித் திரை கொடுக்கின்றது. பரிசின் இடம் மாறிற்றேயன்றித் தன்மை மாறவில்லை.

நம் நாட்டிலும் நகர்ப்புற வீடுகளில் டாபர்மனும் கிரேட் டேனும் வளர்க்கப்படுவதால் இவ்வாராய்ச்சி நமக்கு முற்றும் அயலானதன்று. 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் பதினோராம் பிரிவு, விலங்கின் உறுப்பைச் சிதைத்தலைக் குற்றமாகக் கூறுகின்றது. அதே பிரிவின் பிற்பகுதி, கால்நடைகளுக்குக் கொம்பு நீக்குதல், காயடித்தல், சூடிடுதல், மூக்கணாங்கயிறு இடுதல் என்பவற்றை விதித்த முறையிற் செய்தால் குற்றமன்று என்று விலக்குகின்றது. உழவர்க்கு இன்றியமையாதனவாகக் கருதப்பட்டவை அவை. அழகிற்காக நாயின் செவியை அரிதல் அவ்விலக்கிற் கூறப்படவில்லை.

தெருநாய்களின் செவியில் ஒரு வெட்டு இருக்கின்றதே, அது மட்டும் தகுமோ என்று வினவலாம். நல்ல வினா. கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாய்க்கு அடையாளமாகச் செவியோரத்திற் சிறிது கத்தரிக்கின்றனர். கருத்தடைக்குக் கொடுத்த மயக்கத்திலேயே அது முடிகின்றது. கட்டுதலும் நிமிர்த்துதலும் இல்லை. அந்நாயை மறுமுறை பிடித்து மீண்டும் வயிற்றைக் கீறாமைக்கு அவ்வடையாளம் துணை. பயன் நாயைச் சார்ந்தது. குழந்தைக்குக் காது குத்துவதை எடுத்துக்காட்டி வாதிப்பாரும் உளர். காதின் கீழ்மடலிற் குருத்தெலும்பு இல்லை. ஊசியளவு துளையால் உறுப்பு குறைவதும் இல்லை. குழந்தையின் சம்மதம் அங்கும் கேட்கப்படுவதில்லை என்பது மெய்யே. அது தனியே ஆராயத்தக்கது. அதனைக் கொண்டு இதனை நிலைநாட்டுதல் இயலாது.

இவ்வினங்களுள் ஒன்றை வளர்க்க விரும்புவார் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. குட்டி வீட்டிற்கு வரும் பருவமும் செவி அரியப்படும் பருவமும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலின் பல இடங்களில் வாங்குவோர் கேளாமலே வெட்டு முடிந்துவிடும். வாங்குவோர் விரும்புவர் என்று விற்போர் எண்ணுவதே காரணம். முன்பணம் கொடுக்கும் நாளிலேயே, வெட்டாத செவியோடு குட்டி வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுதல் நலம். வாலைப் பற்றியாயின் அதற்கும் முன்னரே சொல்ல வேண்டும். அது பிறந்த சில நாட்களுக்குள்ளேயே வெட்டப்படுகின்றது.